அப்பத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில்

1

இதை எழுதும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. கத்தோலிக்கக் குருவானவராக இருந்த என் அண்ணன் இறந்து, துக்கம் விசாரிக்க வருபவர்கள் ஓய்ந்த பிறகு, ஆயர் இல்லத்திலிருந்து செயலாளர் சாமியார் வந்தார். எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பேசியை மேசைமேல் வைத்து, "பதிவு பண்ணிக்கலாமாம்மா?" என்றார். பிறகு கேட்டார்:

"ஃபாதர் பூசை நடுவுல அப்படியே நின்னுடுவாரே, அப்ப அவர் முகத்துல ஒளி தெரிஞ்சதா சிலர் சொல்றாங்க. எப்பவும் முதல் பெஞ்சுல உக்காந்தது நீங்கதான். நீங்க என்ன பாத்தீங்க?"

ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு.

"எழுதித் தர்றேன் ஃபாதர்."

"ஒரு பக்கம் போதும்மா. சுருக்கமா."

ஒரு பக்கம் எப்போதோ தாண்டிவிட்டது. சாட்சியத்தில் அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். நானோ வேலை பார்த்த காலமெல்லாம் ஓர் அச்சகத்தில் பிறர் எழுதியதைத் திருத்தியவள். அடிக்காமல் எனக்கு எழுத வராது. ஆகவே இது கதையாகிவிட்டது. கதை என்றால் அடிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் பயமாக இருக்கிறது. ஒளி தெரிந்தது என்று எழுதினால் விசாரணை வரும், பிறகு அண்ணனின் படம், படத்தின் முன் மெழுகுவத்தி, மெழுகுவத்தியின் முன் கூட்டம். தெரியவில்லை என்று எழுதினால் டாக்டரின் சீட்டு போதும், அண்ணன் நோயாளியாக ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். இரண்டு இடத்திலும் அவரை என்னால் பார்க்க முடியவில்லை.

2

எங்கே தொடங்குவது? முதல் முயற்சி:

என் அண்ணன் அப்பத்தை உயர்த்திப் பிடித்தபோது அவருடைய பாதங்கள் தரையை விட்டு

[நிறுத்திவிட்டேன். இது கோயில்பிள்ளையின் வாக்கியம். பூசைக்கு வேண்டியதை எடுத்து வைத்து, மணி அடிப்பவர் அவர், பின்னால் வருவார். அண்ணனுடைய செருப்பின் குதிகால் எப்போதும் ஒரு பக்கமாகத் தேயும். தரையை விட்டு எழும்புகிற ஆளுக்குச் செருப்பு அப்படித் தேயாது.]

இரண்டாவது:

மூளையின் பக்கவாட்டில் ஏற்படும் சிறு மின்கோளாறு, சில நோயாளிகளுக்கு

[இது அண்ணனைப் பரிசோதித்த டாக்டரம்மாவின் வாக்கியம். நல்ல மனுஷி. ஆனால் 'சில நோயாளிகள்' என்று தொடங்கும் வாக்கியத்தில் என் அண்ணன் உட்கார இடம் இல்லை.]

மூன்றாவது:

சிறு வயதிலிருந்தே பக்தி மிகுந்தவராக

[பொய். சிறு வயதில் அவர் கோயிலில் தூங்குவார், அம்மா தொடையில் கிள்ளுவாள். குருமடத்துக்குப் போகிறேன் என்று அவர் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "அங்க விடியறதுக்கு முன்னாடி எழுப்புவாங்களாமே, உனக்குத் தெரியுமா?" அண்ணன் யோசித்துவிட்டு, "கேட்டுட்டு முடிவு பண்ணியிருக்கலாம்" என்றார். ஆனாலும் போனார்.]

நான்காவது முயற்சி என் சமையலறையில் தொடங்குகிறது. அங்கே நான் மூக்குக்கண்ணாடியோடு இருந்தேன். அதனால் அதை நம்பலாம்.

3

அதற்கு முன் கோயில் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு விளக்கம். பூசையின் நடுவில் குருவானவர் முதலில் அப்பத்தைக் கையில் எடுத்து, ஆண்டவர் சொன்ன சொற்களைச் சொல்லி, எல்லோரும் பார்க்க உயர்த்துவார். மணி அடிக்கும். பிறகு திராட்சை இரசம் உள்ள கிண்ணம். அதன்மேல் அதற்கான சொற்கள், அதையும் உயர்த்துவது, மறுபடி மணி. இரண்டும் முடிந்தால்தான் பூசை. ஒன்றோடு விட்டுவிட முடியாது. நடுவில் குருவானவர் மயங்கி விழுந்தால்கூட, இன்னொருவர் வந்து, விட்ட இடத்திலிருந்து முடிக்க வேண்டும்.

அப்பத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி எதுவும் இல்லை. ஒரு மூச்சு விடலாம். என் அண்ணன் போனது அந்த இடைவெளிக்குள்தான்.

முதல் முறை நடந்தபோது ஏதோ யோசனை என்று நினைத்தோம். அப்பத்தை உயர்த்தியவர் இறக்கவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். முழந்தாளிட்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோயில்பிள்ளைக்குத் தான்தான் மணி அடிக்க மறந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்னொரு தடவை அடித்தார். அண்ணனின் தோள் அசைந்தது. அப்பத்தை இறக்கிவைத்து, கிண்ணத்தை எடுத்தார். பூசை முடிந்தது.

கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில் நான் இருந்தேன். காலைப் பூசை முடிந்ததும் அண்ணன் சாப்பிட வருவார். அன்று வந்தவர் உட்காரவில்லை. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கிண்ணத்து மேல சொன்னேனா?"

"என்னதுண்ணா?"

"கிண்ணத்து மேல சொல்ல வேண்டியதைச் சொன்னேனா? நீ இருந்தியே."

"சொன்னீங்களே. நல்லாக் கேட்டுச்சு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"ரெண்டு தடவை சொல்லிடலையே?"

"ஒரு தடவைதான். உக்காருங்க, ஆறிப்போவுது."

உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. எல்லாம் கிட்ட வந்துச்சு. பீடத்துத் துணி, அதுல இருக்கிற தையல், என் கை, எல்லாம். ரொம்பக் கிட்ட."

"ஒளி மாதிரியா?"

"சீச்சீ. அதெல்லாம் ஒண்ணுமில்ல." கொஞ்சம் யோசித்தார். "யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரின்னு சொல்ல வந்தேன். அதுவும் இல்ல. கூப்பிட வாயைத் திறந்த மாதிரி. இன்னும் கூப்பிடல. அவ்வளவுதான்."

"பயமா இருந்துச்சா?"

"அப்ப இல்ல. இப்ப இருக்கு. சொன்னேன்ல, நிச்சயமாச் சொன்னேன்ல?"

தான் கண்டது கடவுளா இல்லையா என்று என் அண்ணன் கவலைப்பட்டதைவிட, தான் பாதியில் விட்டுவிட்டோமோ என்றுதான் அதிகம் கவலைப்பட்டார். இதை நீங்கள் பிடித்துக்கொண்டால் அண்ணனைப் பிடித்துக்கொண்டதாக அர்த்தம். [ஆண்டவர் நடுவில் வந்து நின்றாலும், "கொஞ்சம் இருங்க, இதை முடிச்சிடறேன்" என்று சொல்லக்கூடிய மனிதர் என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்ததையும் இங்கே வைத்திருக்கிறேன்.]

4

அது மறுபடியும் வந்தது. மழைக்காலத்தில் அடிக்கடி. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே கேள்வியோடு. கேள்வி பூசையோடு நிற்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் கேட்பார். கிளம்பிப் போய், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து, ஜன்னல் வழியாகக் கேட்பார்.

நான்தான் அந்த ஏற்பாட்டைச் சொன்னேன்.

"இங்க பாருங்கண்ணா. நான் முதல் பெஞ்சுல உக்காந்துக்கறேன். நீங்க நின்னுட்டீங்கன்னா உடனே கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கறேன். திரும்பி வந்ததும் என்னைப் பாருங்க. கண்ணாடி கையில இருந்தா கிண்ணம் பாக்கின்னு அர்த்தம். மூக்குமேல இருந்தா சொல்லியாச்சு, மேல போகலாம்."

"கண்ணாடி இல்லாம உனக்கு ஒண்ணும் தெரியாதே."

"எனக்கு எதுக்குத் தெரியணும்? உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

கூச்சமாகச் சிரித்தார். "ரெண்டாயிரம் வருஷத்துப் பூசை, உன் மூக்குக்கண்ணாடியிலதான் நிக்குது போ."

ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. கேள்வி நின்றது. சாப்பாடு ஆறாமல் உள்ளே போயிற்று.

[இதன் பொருள் உங்களுக்கு இப்போது தட்டுப்பட்டிருக்கும். எனக்குச் செயலாளர் சாமியார் கைப்பேசியை மேசைமேல் வைத்தபோதுதான் தட்டுப்பட்டது. ஏற்பாட்டுக்கு முன்பு நான் பின்வரிசையில் இருந்தேன், உயர்த்திய கைகளே அவர் முகத்தை மறைத்தன. அதன் பிறகு அண்ணன் அங்கே இருந்த ஒவ்வொரு முறையும் என் கண்ணாடி என் கையில் இருந்திருக்கிறது. எல்லோரையும்விடப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவர் முகத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. வெள்ளையாக ஒரு தீற்றல், அவ்வளவே.

ஒளி தெரிந்ததா என்றால், தெரிந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு ஒவ்வொரு மெழுகுவத்தியும் தட்டு அளவு ஒளி.*]

* இதைச் சாட்சியத்தில் எப்படி எழுதுவது? 'ஆம், ஒளி கண்டேன்' என்று எழுதினால் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என்னை நடுங்க வைக்கிறது.

5

பங்கு மக்கள், அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள், இரண்டாகப் பிரிந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பேருந்து தவறுகிறது என்று முணுமுணுத்தார்கள். வாலிபர்கள் அவருக்கு 'பிரேக் சாமி' என்று பேர் வைத்தார்கள். இன்னொரு பக்கம், வேறு பங்குகளிலிருந்து முக்காடு போட்ட பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அண்ணன் நிற்காத நாளில் அவர்கள் முகம் தொங்கிப்போகும். ஒருத்தி வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். பூசை முழுதாக நடந்திருந்தது.

அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. "ஒண்ணும் இல்லையாம்" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே, "டாக்டரைப் பாப்போம்" என்றார்.

டாக்டரம்மா மூளையைப் படம் எடுத்தார், தலையில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார்.

"வண்டி ஓட்டாதீங்க ஃபாதர். உயரத்துல ஏறாதீங்க."

"பீடத்துக்கே படி ஏறித்தான் போகணும் டாக்டர்."

"விழுந்துடாம ஏறுங்க. மாத்திரை தர்றேன். காலையில வெறும் வயித்துல வேண்டாம், ஏதாவது சாப்பிட்டுட்டு."

"பூசைக்கு முன்னாடி சாப்பிடறதில்ல டாக்டர்."

"இனிமே சாப்பிடறீங்க. ஆண்டவர் கோவிச்சுக்கமாட்டார். நான் கோவிச்சுக்குவேன்."

மருந்து என்றால் விலக்கு உண்டு என்று அவருக்கும் தெரியும். விடிந்ததும் நானே ரொட்டியும் மாத்திரையும் எடுத்துப் போய், சின்னத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். நிற்பது நின்றது. பூசை நேரத்துக்கு முடிந்தது. முக்காடுகள் குறைந்தன. என் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அண்ணனின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: களைத்துப்போன, கவனமான, அறுபது தாண்டிய ஒரு மனிதரின் முகம்.

எனக்கு நிம்மதி. அவருக்கு இல்லை.

"இப்ப யாரும் வாயைத் திறக்கல" என்றார் ஒரு நாள்.

"டாக்டரம்மாதான் சொன்னாங்களே. மாத்திரையில நின்னா அது நோய்தானே?"

"கண்ணை மூடிக்கிட்டா விளக்கு தெரியாது. அதுக்காக விளக்கு என் கண்ணுக்குள்ளயா இருந்துச்சு?" உடனே தலையை ஆட்டிக்கொண்டார். "பாத்தியா, எப்படிப் பதில் வருதுன்னு? இவ்வளவு சுளுவா வந்தா அது பதில் இல்ல. ஆசை."

தினமும் காலையில் எதை விழுங்குகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. நோயை என்றால் நல்லது. வேறொன்றை என்றால்?

இதற்கிடையில் ஆயர் இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. விஷயம் அவர்கள் காதுக்கும் போயிருந்தது. நோய் என்றால் முதிய குருக்கள் இல்லத்தில் ஓய்வு. அருள் என்றால் விசாரணை, அது முடியும்வரை மக்கள் முன் பூசை கிடையாது. அண்ணன் ரிசீவரை வைத்தார்.

"எந்தப் பக்கம் விழுந்தாலும் பூசை போச்சு" என்றார். "எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியாதே."

6

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். கோயில்பிள்ளை.

முதல் படியில் அவரை எளிய, ஞானமுள்ள மனிதராக எழுதியிருந்தேன். மணியை அடித்து அண்ணனைத் திரும்பக் கூட்டிவருபவர், எல்லாம் புரிந்தவர். வாசிக்க நன்றாக இருந்தது. உண்மையில் அவர் பிரசங்கத்தில் குறட்டை விடுகிறவர். மெழுகுவத்தித் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர். நேற்று வாசலில் வந்து நின்றார்.

"கதை எழுதறீங்களாமே அக்கா. என்னைத் தூங்குமூஞ்சின்னு எழுதிடாதீங்க."

"எழுதல." [எழுதிவிட்டேன்.]

"சாமி தரையை விட்டு எழும்பினாரே, அதைப் போட்டீங்களா? நாலு விரக்கடை. என் கண்ணால பாத்தேன்."

"யோவ், போன மாசம் ரெண்டு விரக்கடைன்னீர்."

"நெனச்சுப் பாக்கப் பாக்கத்தானே அக்கா தெளிவாகுது."

"நீர் பக்கவாட்டுல முழந்தாளிட்டிருப்பீர். அங்கியும் பீடத்துத் துணியும் மறைக்கும். காலே தெரியாது உமக்கு."

அவர் கோபப்படவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிக்கா. ஆனா நீங்க கண்ணாடியைக் கழட்டிட்டீங்க. நான் கழட்டல."

அவர் போன பிறகு நான் எழுதவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். பொய்தான் என்று எனக்குத் தெரியுமா?

7

இந்தப் பகுதியைத் தள்ளித் தள்ளி வைத்தேன். [அண்ணன் இறந்துவிட்டார் என்று முன்பே சொல்லிவிட்டேனா? இருங்கள். ஆம், முதல் பத்தியில். இப்போது அந்தக் கேள்வி எனக்கு வந்துவிட்டது: சொன்னேனா, சொன்னேனா என்று.]

ஒரு சாதாரண வாரநாள். ரொட்டியும் மாத்திரையும் வைத்தேன். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. தட்டு காலி என்பதுதான் எனக்குத் தெரியும். வயிற்றுக்குள் என்ன போயிற்று என்பது தட்டுக்குத் தெரியாது.

கோயிலில் கொஞ்சப் பேர்தான். அப்பத்தை எடுத்தார், சொற்களைச் சொன்னார், உயர்த்தினார். மணி அடித்தது. அவர் இறக்கவில்லை.

என் கை தானாகவே கண்ணாடியைக் கழற்றியது.

எனக்குப் பின்னால் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. கோயில்பிள்ளை மறுபடி மணி அடித்தார். இன்னொரு தடவையும் அடித்தார். பிறகு வெள்ளைத் தீற்றல் அசைந்தது. அப்பத்தைத் தட்டில் வைக்கும் மெல்லிய சத்தம். தீற்றலின் மேல்பகுதி என் பக்கம் திரும்பியது. என்னைப் பார்க்கிறார். கண்ணாடியைக் கையில் உயர்த்திப் பிடித்தேன்: பாக்கி இருக்கிறதுண்ணா.

கிண்ணத்தின் மேல் குனிந்தார். ஏதோ சொல்லும் ஒலி கேட்டது. சொற்கள் தெளியவில்லை. பிறகு, ஓர் அங்கியை ஆணியிலிருந்து எடுத்துக் கீழே விட்டதுபோல, சரிந்தார்.

கிண்ணம் சாயவில்லை. அது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

உடை மாற்றும் அறையில் பாய் விரித்துக் கிடத்தினோம். மருத்துவமனை வண்டி வரும் முன்பே முடிந்துவிட்டது. வந்திருந்தவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பூசை பாதியில் நிற்கிறதே. பீடத்தில் அப்பமும் கிண்ணமும் துணியால் மூடியபடி இருந்தன. பக்கத்துப் பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே அண்ணனின் நெற்றியில் எண்ணெய் தொட்டுச் சிலுவை வரைந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, இப்பக் கேக்கறேன்னு. எது வரைக்கும் சொன்னார்? கிண்ணத்து மேல சொல்லிட்டாரா?"

அண்ணன் என்னிடம் கேட்ட அதே கேள்வி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"தெரியல ஃபாதர்."

"பரவால்ல. சந்தேகம்னா நான் கிண்ணத்துல இருந்து ஆரம்பிக்கறேன்."

அவர் முடித்தார். அண்ணனின் கடைசிப் பூசை இன்னொருவரின் குரலில் முடிந்தது.

8

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதல் முடிவில், பின்னால் மூச்சை இழுத்த பெண் வருகிறாள், தான் கண்டதைச் சொல்கிறாள், நான் நம்புகிறேன். [அவளைத் தேடிப் போனேன். "என்னம்மா பாத்தே?" என்று கேட்டேன். அழுதாள். "பாத்தேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.]

இரண்டாவதில், அண்ணனின் அங்கிப் பையில் மாத்திரை கிடைக்கிறது. [கிடைக்கவில்லை. இருந்தது கைக்குட்டை, அதில் ரொட்டித் துகள். எதற்கும் அது அத்தாட்சி ஆகாது.]

மூன்றாவது என் ஆசை. கதைதானே, யார் தடுப்பது? அண்ணன் அப்பத்தை உயர்த்தி நிற்கிறார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு முறை அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

எழுத உட்கார்ந்தேன். கை நின்றுவிட்டது. கண்ணாடி மூக்குமேல் இருந்தால் சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம். அவர் என்னை நம்பித் திரும்புவார், கண்ணாடியைப் பார்ப்பார், கிண்ணத்தை விட்டுவிட்டு மேலே போய்விடுவார். வாழ்நாள் முழுக்க எதற்குப் பயந்தாரோ, அதை என் கதைக்குள் நானே அவருக்குச் செய்துவிடுவேன். அவர் முகத்தைப் பார்க்க அதுதான் விலை. என்னால் முடியாது.

ஆகவே செயலாளர் சாமியார் அவர்களே, நீங்களும், உங்கள் தோளுக்கு மேல் இதை வாசிக்கிற மற்றவர்களும் வந்து, முதல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருங்கள். கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன், இடம் இருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது. யாரோ இருமுகிறார்கள். அண்ணனின் கைகள் மேலே இருக்கின்றன. மணி ஒரு தடவை அடித்தாயிற்று, இன்னொரு தடவை அடிக்கக் கோயில்பிள்ளை கையை எடுக்கிறார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். என் வேலை அது.

உங்களுக்குக் கண் நன்றாகத் தெரியும் இல்லையா? இப்போது திரும்பப்போகிறார். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முகம் இன்னும் அங்கேயே இருக்கும்.

பாருங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்களா என்று மட்டும்